கையெழுத்து ஒருவருடையது, காசு இன்னொருவருடையது: பஞ்சாபின் நில ஏலமும் தலித் மக்களும்

(மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சிறு திருத்தங்களுடன்.)



ஏலம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சாதி ஒழிப்புக் கூட்டத்தில் ஏலத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஏலத்தில் சாதி கிடையாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பத்துப் பேர் முன்னிலையில் வெளிப்படையாக நடக்கிறது, யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்குப் போகிறது, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்", முடிந்தது. அதிகாரி வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. சிபாரிசு இல்லை, முகம் பார்ப்பதில்லை. பணம் மட்டும்தான் பேசும்.

அந்தப் பணம் யாருடைய குரலில் பேசுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் களம் பஞ்சாப். அங்கே ஒவ்வோர் ஆண்டும் கோதுமை அறுவடை முடிந்து நெல் நடவு தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களில் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஊராட்சி நிலம் ஏலம் விடப்படுகிறது. அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சட்டப்படி பட்டியல் சாதியினருக்கானது. அந்த மூன்றில் ஒரு பங்குக்காகத் தடியடி நடந்திருக்கிறது, சிறை நிரம்பியிருக்கிறது, உயிர் போயிருக்கிறது. தமிழில் இதைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. உழவர் போராட்டம் நடந்த 2020, 2021 ஆண்டுகளில் பஞ்சாபைக் கொண்டாடித் தீர்த்தோம். அந்தப் பஞ்சாபின் ஊர் ஓரத்தில் இருக்கும் வேஹ்ராக்களை, அதாவது அங்குள்ள சேரிகளை, நாம் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் பின்னணி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு. இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். அந்த மூன்றில் ஒரு பங்கு மக்கள் கையில் இருக்கும் விவசாய நிலம் எவ்வளவு? நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. பசுமைப் புரட்சி, நாட்டின் களஞ்சியம் என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்களுக்குக் காலடி மண் கிடையாது.

இது தற்செயலாக நடந்ததல்ல. சோம்பேறித்தனம், குடி, கல்வியின்மை என்று வழக்கமாகச் சொல்லும் எந்தக் காரணமும் இங்கே தேவைப்படாது. சட்டமே காரணம். 1900ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வட்டிக்காரர்கள் உழவர்களின் நிலத்தைப் பிடுங்குவதைத் தடுக்கிறோம் என்றார்கள். அதற்காக "விவசாயக் குடிகள்" என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் நிலத்தைப் பட்டியலில் உள்ளவர்கள்தான் வாங்க முடியும். தலைமுறை தலைமுறையாக வயலில் கிடந்து உழைத்த தலித் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உழுபவர் விவசாயக் குடி இல்லை, உழவைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் விவசாயக் குடி! கையில் காசு சேர்ந்தாலும் ஒரு துண்டு நிலம் வாங்க முடியாது. நாடு விடுதலை அடைந்த பிறகுதான் அந்தச் சட்டம் போனது. அதற்குள் நிலம் யாரிடம் இருக்க வேண்டுமோ அவர்களிடம் உறைந்துவிட்டது.

1961இல் பஞ்சாப் கிராமப் பொதுநில ஒழுங்குமுறைச் சட்டம் வருகிறது. ஷாம்லாட் என்று அங்கே அழைக்கப்படும் ஊர்ப் பொதுநிலம் ஊராட்சியின் பொறுப்பில் வருகிறது. 1964இல் இதற்கான விதிகள் வருகின்றன. இந்த விதிகளின்படி சாகுபடிக்கு ஏற்ற பொதுநிலத்தை ஊராட்சி ஏலத்தில் குத்தகைக்கு விடவேண்டும். குத்தகைக்கு விடும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விடவேண்டும். மாநிலம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் அந்த ஒரு பங்கு மட்டும் சுமார் 50 ஆயிரம் ஏக்கர் வரும். ஓர் ஊருக்கு என்று பார்த்தால் சில இடத்தில் ஐந்து ஏக்கர், சில இடத்தில் நூறு ஏக்கர். பெரிய நிலப்பகிர்வு ஒன்றும் இல்லை. ஓராண்டுக் குத்தகை, அவ்வளவுதான்.

சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள் அந்த நிலத்தில் உழுதது யார் தெரியுமா? பெரும்பாலான ஊர்களில் அதே ஜாட் நிலவுடைமையாளர்கள்.

எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏல நாள் வருகிறது. பட்டியல் சாதிக்கான நிலம், பட்டியல் சாதிக்காரர்தான் கேட்க முடியும். ஒரு தலித் கூலித் தொழிலாளி எழுந்து நின்று கேட்கிறார். சாதிச் சான்றிதழ் சரியாக இருக்கிறது. இன்னொரு தலித் குடும்பம், உண்மையிலேயே நிலம் வேண்டும் என்று வந்த குடும்பம், அதற்கு மேல் கேட்கிறது. முதல் ஆள் இன்னும் மேலே போகிறார். இவர்கள் ஊரெல்லாம் கடன் வாங்கிக் கொண்டுவந்த காசு ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகிறது. அவருக்குத் தீரவே இல்லை. ஏனென்றால் அது அவருடைய காசு இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நிலவுடைமையாளரின் காசு. அவர் கண்ணசைக்கும் வரை இவர் கேட்டுக்கொண்டே போவார். குத்தகைத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதைக் கட்டுவதும் பின்வரிசைதான். ரசீதில் தலித்தின் பெயர், களத்தில் ஜாட்டின் டிராக்டர். ஊராட்சிப் பதிவேட்டைப் பார்த்தால் இட ஒதுக்கீடு நூற்றுக்கு நூறு அமலாகியிருக்கும்.

நம் ஊர் மொழியில் இதற்குப் பெயர் பினாமி. அந்தப் பினாமியைத் துரோகி என்று திட்டிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஞ்சாபில் சீரி என்று ஒரு முறை உண்டு. ஒரு பண்ணையில் ஆண்டு முழுக்கக் கட்டுப்பட்டு உழைக்கும் ஆள். நம் பண்ணையாள் முறைக்குப் பக்கத்தில் வரும். முன்பணம் வாங்கியிருப்பார். கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மருத்துவத்துக்கு வாங்கிய கடன் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். "நாளைக்கு வந்து என் பேருக்குக் கேள்" என்று பண்ணையார் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு எந்த நிலம் இருக்கிறது? நிலம் இல்லாததால்தான் பினாமியாகிறார், பினாமியாவதால் நிலம் கிடைக்காமல் போகிறது. அந்த வளையத்துக்குள் ஒரு மனிதரை நிறுத்திவிட்டு அவருடைய நேர்மையைச் சோதிப்பது ஆதிக்க சாதிக்குத்தான் வசதி.

இன்னொரு பக்கம் அரசு. விதி கேட்பது சாதிச் சான்றிதழை மட்டும்தான். பணம் எங்கிருந்து வந்தது, அறுவடை எந்தக் களத்துக்குப் போனது என்று கேட்பதில்லை. அதிகாரிகளைக் கேட்டால் சொல்லும் பதில் ஒன்றே: "கூடுதல் தொகைக்குக் கேட்டவருக்குக் கொடுத்தோம், ஊராட்சிக்கு வருவாய் வந்தது."

இந்த வருவாய் வாதத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதிக்கு என்று இடங்கள் இருக்கின்றன. நாளைக்கு ஓர் அரசு, "இந்த இடங்களைப் பட்டியல் சாதி மாணவர்களுக்குள்ளேயே ஏலம் விடுகிறோம், கூடுதல் கட்டணம் கேட்பவருக்கு இடம், கல்லூரிக்கும் வருவாய்" என்று சொன்னால் நாம் ஒரு நிமிடம் பொறுப்போமா? இட ஒதுக்கீட்டின் நோக்கத்தையே கொன்றுவிட்டாயே என்று தெருவுக்கு வருவோம். கல்வியிலும் வேலையிலும் நமக்கு உடனே புரிகிற இந்த விஷயம் நிலத்துக்கு வந்தால் ஏன் புரிவதில்லை? நிலமற்றவர்களுக்காக ஒதுக்கிய நிலத்தை, அவர்களில் யாரிடம் அதிகக் காசு இருக்கிறதோ அவருக்கு என்று விதி எழுதியவுடனேயே கதவு திறந்துவிடுகிறது. அந்தக் கதவு வழியாக யார் வருவார் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன?

பொருளாதாரப் பாடத்தில் சொல்வார்கள்: ஒரு பொருளை யார் அதிகம் மதிக்கிறாரோ அவர் கையில் ஏலம் அதைச் சேர்த்துவிடும் என்று. நிலத்தில் இது எப்படி நடக்கிறது? நிலவுடைமையாளருக்குப் பக்கத்திலேயே சொந்த வயல் இருக்கிறது, ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, ஆர்த்தியா என்கிற மண்டிக்காரரிடம் கடன் வசதி இருக்கிறது. இன்னும் பத்து ஏக்கர் சேர்ந்தால் அவருக்குப் பெரிய கூடுதல் செலவில்லை. அதனால் அவரால் ஏக்கருக்கு அதிகம் கொடுக்க முடியும். தலித் குடும்பத்துக்கு எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அந்த நிலம் எத்தனை மதிப்புடையது என்பதை அவர்கள் கையிலிருக்கும் ரூபாயால் அளக்க முடியாது. ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர் இல்லாதவரைவிடக் கூடுதலாகக் கேட்க முடியும் என்பது எந்த ஏலத்திலும் முதல் நாளே முடிவாகிவிட்ட விஷயம். 1900ஆம் ஆண்டுச் சட்டம் வாசலில் நிறுத்தியது. 1961 சட்டம் உள்ளே வரவிட்டு, ஏலத்தில் தோற்கடித்து வெளியே அனுப்பியது.

சரி, அந்த மதிப்பு என்ன? ஓராண்டுக் குத்தகைக்கு இத்தனை போராட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. பதில் புல்லில் இருக்கிறது.

பஞ்சாபின் நிலமற்ற தலித் குடும்பங்களில் ஒன்றிரண்டு எருமைகள் வளர்ப்பார்கள். பால்தான் கையில் புழங்கும் காசு. எருமைக்குத் தீவனம் எங்கே? சொந்த வயல் கிடையாது. மேய்ச்சல் நிலம் எல்லாம் கோதுமையும் நெல்லுமாகிவிட்டது. ஆகவே பெண்கள் தினமும் ஜாட் வயல்களின் வரப்பில் புல்லறுக்கப் போகவேண்டும். பயிரைத் திருடினாய் என்று வசவு, கட்டை அவிழ்த்துச் சோதிப்பது, சாதிப்பெயர் சொல்லி ஏசுவது, அதற்கு மேலும். நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை, இந்த அறையில் இருக்கும் பெண்களுக்குப் புரியும். இந்தப் போராட்டத்தைப் பற்றி யார் எழுதினாலும், எந்தப் பெண்ணைக் கேட்டாலும், முதலில் சொல்வது இதைத்தான்: நிலம் வந்த பிறகு புல்லுக்காக யார் வயலிலும் கால் வைக்க வேண்டியதில்லை. நெல் எத்தனை மூட்டை, லாபம் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாவதாகத்தான் வரும். ஏலக் களத்தில் முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருப்பதற்கும் தடியடியில் அதிகம் அடிபட்டவர்கள் பெண்களாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இனி போராட்டத்துக்கு வருகிறேன். சங்ரூர் மாவட்டத்தில் பேன்ரா என்ற ஊரில் தலித் மக்கள் ஒன்றுசேர்ந்து பொதுநிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டார்கள். அது ஒரு முன்மாதிரியாக அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்தது. 2014இல் அதே மாவட்டத்தின் பலத் கலான் ஊரில் பினாமி ஏலத்தை எதிர்த்து மக்கள் எழுந்தார்கள். சாலை மறியல், தடியடி, கைது, பல வாரச் சிறை. அந்த ஆண்டில்தான் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி, அதாவது நிலம் பெறும் போராட்டக் குழு, உருவாகிறது. பலத் கலானில் கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்து தங்கள் பங்கு நிலத்தைக் கைக்குக் கொண்டுவந்தன.

அவர்கள் செய்தது என்ன? கூடுதலாகக் கேட்டு ஜெயிக்கவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பண்ணையாரைவிடக் கூடுதலாகக் கேட்பது நடக்காத காரியம். நடந்தாலும் கடனில் மூழ்கி அடுத்த ஆண்டு நிலத்தை விட்டுவிட்டுப் போகவேண்டும். ஆகவே அவர்கள் போட்டியையே நிறுத்தினார்கள். ஏலத்துக்கு முன்பு வேஹ்ராவில் கூட்டம் போடுகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். எவ்வளவுக்குக் கேட்பது என்று முடிவாகிறது. எல்லோர் சார்பிலும் ஒரே ஒருவர் கேட்பார், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரே கேள்வி, அதுவும் அரசு வைத்த ஆரம்பத் தொகையை ஒட்டி. பின்வரிசையிலிருந்து பினாமி எழுந்தால் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நிற்பார்கள்: "யார் காசு இது, சொல்லிவிட்டுக் கேள்." ஏலம் தள்ளிப்போகும். மறுபடி நாள் குறிப்பார்கள், மறுபடி அதே கேள்வி. ஒரே நிலத்துக்கு மூன்று முறை, நான்கு முறை ஏலம் ஒத்திவைக்கப்பட்ட ஊர்கள் உண்டு. பினாமிக்கே முடித்துக் கொடுத்துவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் முன்னால் தர்ணா, இல்லையென்றால் நேரே வயலில் போய் உட்கார்வது.

ஒரு சட்ட மாணவர் இங்கே கேட்கலாம்: ஏலத்துக்கு வருபவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு விலையைக் குறைப்பது குற்றமில்லையா? நம் ஊரில் ஒப்பந்தக்காரர்கள் செய்தால் "சிண்டிகேட்" என்று திட்டுகிறோமே? நல்ல கேள்விதான். என் பதில் இது. ஒப்பந்தக்காரர்கள் கூட்டுச் சேரும்போது பொதுமக்களுக்குப் போகவேண்டிய பணம் தனியாருக்குப் போகிறது. இங்கே அந்த நிலத்தை யாருக்கு என்று சட்டம் ஒதுக்கியதோ அந்த மக்களேதான் ஏலம் கேட்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருப்பதால் யாருக்கு நட்டம்? ஊராட்சிக்கு வருவாய் குறைகிறது என்றால், ஒரு மக்களின் பங்கை அவர்களுக்கே எவ்வளவு விலை ஏற்றி விற்கலாம் என்று பார்த்து வருவாய் தேடுவது ஊராட்சியின் வேலையா? அதோடு, ஐம்பது ஆண்டுகளாக ஆதிக்க சாதியினர் ஊருக்குள் பேசிவைத்துக்கொண்டு "இந்த ஆண்டு உனக்கு, அடுத்த ஆண்டு எனக்கு" என்று பிரித்துக்கொண்டபோது எந்த அதிகாரியும் அதைக் கூட்டுச்சதி என்று சொல்லவில்லை. அப்போது அது ஊர் வழக்கம்.

எடுத்த நிலத்தை என்ன செய்கிறார்கள்? ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவாக ஒரு பகுதியைத் தீவனத்துக்கு ஒதுக்குகிறார்கள், அதை எல்லா வீடும் அறுத்துக்கொள்ளலாம். மீதியில் கோதுமை, நெல். வேலைகளைப் பார்க்க ஒரு குழு. செலவு போக மிஞ்சுவதைக் குடும்பங்களுக்குப் பிரிக்கிறார்கள், அடுத்த ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பங்கை எடுத்துவைக்கிறார்கள். அம்பேத்கர் 1947இல் எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் நூலில், நிலம் அரசுடைமையாகி ஊர் மக்களுக்குச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று திட்டமே போட்டுக் கொடுத்திருப்பார். துண்டு நிலங்களை ஒருங்கிணைப்பதும் குத்தகைச் சட்டங்களும் நிலமற்ற தீண்டப்படாதோர் பிரச்சினையைத் தீர்க்காது என்பது அவர் வாதம். அந்தத் திட்டத்தை எந்த அரசும் தொட்டுப் பார்க்கவில்லை. சங்ரூரின் கூலித் தொழிலாளர்கள் அதற்கு மிக நெருக்கமான ஒன்றைத் தங்கள் தேவையிலிருந்து செய்து பார்த்துவிட்டார்கள்.

விலை கொடுக்காமல் இல்லை. தலித்துகள் ஏலத்தில் குறுக்கே நின்ற ஊர்களில் சமூகப் புறக்கணிப்பு வந்தது. குருத்வாரா ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பார்கள்: இவர்களுக்கு வேலை கொடுக்காதே, வயலுக்குள் விடாதே, கடையில் சாமான் கொடுக்காதே. எல்லோரும் சமம் என்ற மார்க்கத்தின் ஒலிபெருக்கி அது. 2016 அக்டோபரில் சங்ரூர் மாவட்டத்தின் ஜலூர் ஊரில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. அதில் காலில் படுகாயமடைந்த ஒரு மூதாட்டி அடுத்த மாதம் இறந்துபோனார். 2020இல் ஊரடங்கால் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் வரமுடியாமல் போனபோது, நடவுக் கூலியை உயர்த்திக் கேட்கும் வாய்ப்பு உள்ளூர் தலித்துகளுக்கு வந்தது. உடனே பல ஊராட்சிகள் கூடி இதற்கு மேல் யாரும் கூலி கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டன. பாருங்கள், நிலத்துக்கு ஏலம் வேண்டும், விலை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம். உழைப்புக்கு என்றால் விலை ஏறவே கூடாது. சில மாதங்கள் கழித்து அதே ஆண்டுதான் டெல்லி எல்லையில் உழவர் – தொழிலாளர் ஒற்றுமை முழக்கம் கேட்டது. அந்த முழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. தலித் தொழிலாளர்களும் அந்தப் போராட்டத்துக்குப் போனார்கள். திரும்பி ஊருக்கு வந்தபோது அவர்களுக்காக ஏல அறிவிப்பு காத்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், பினாமி நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே என்ன நடந்தது? ஒன்று, யாரும் மனுத்தாக்கல் செய்ய விடமாட்டார்கள். இல்லையென்றால் தங்கள் சொல் கேட்கும் ஒரு தலித்தை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சாதிச் சான்றிதழ் சரி, வேட்புமனு சரி, தேர்தல் சரி. பின்வரிசை நாற்காலி மட்டும் அதே. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலித் தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். மேலவளவில் முருகேசன் பினாமியாக இருக்க மறுத்தார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் அவரோடு இருந்தவர்களையும் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பதவியையே ஏலம் விடுவதும் நமக்குப் புதிதல்ல. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. கோவிலுக்குத்தானே பணம் போகிறது, சண்டை சச்சரவு இல்லாமல் முடிகிறதே என்று அதற்கும் நியாயம் சொன்னார்கள். ஊர்க் கண்மாயின் மீன், புளியமரம், தோப்பு என்று ஊரின் பொதுச்சொத்து எத்தனையோ இடத்தில் ஏலம் போகிறது. அந்த ஏலத்தில் சேரியிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கேட்டால் என்னவாகும் என்பதை உங்கள் ஊரில் நீங்களே விசாரித்துப் பாருங்கள். ஊர்ப்பொது என்றால் அதில் சேரியும் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள்.

பஞ்சமி நிலத்திலும் இதே கதைதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணை, அந்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. நல்ல கட்டுப்பாடு. இன்று அந்த நிலத்தில் எவ்வளவு நம்மிடம் இருக்கிறது? சட்டம் பெயரைக் காத்தது, நிலத்தைக் காக்கவில்லை.

சங்ரூர் அனுபவத்தைச் சொர்க்கம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அந்த இயக்கத்தை நேசிப்பவர்களே கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. பட்டியல் சாதிக்குள்ளேயே ரவிதாசியாக்கள், மஜபி சீக்கியர்கள் என்று பிரிவுகள் உண்டு. கூட்டாக வசூலித்து, கூட்டாகப் பிரிக்கும்போது அந்தக் கோடுகள் தலைதூக்கும். ஆதிக்க சாதிக்கு அது தெரியும், முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். தடியடி வாங்கியது பெண்கள், ஏல ரசீதில் பெயர் பெரும்பாலும் ஆண். இது எனக்கு உறுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டுக் குத்தகை என்பது ஒவ்வோர் ஆண்டும் அதே சண்டையை முதலிலிருந்து போடவைக்கிறது. நிலத்தைத் திருத்தினால், உரம் போட்டு வளமாக்கினால், அடுத்த ஆண்டு அதன் ஏல மதிப்புத்தான் ஏறும். உழைத்தவரே உழைப்புக்கு விலை கொடுத்து மறுபடி எடுக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் நீண்டகாலக் குத்தகை கேட்கிறார்கள், ஆரம்பத் தொகையைக் குறைக்கச் சொல்கிறார்கள், பினாமி ஏலத்தை ரத்து செய்யச் சொல்கிறார்கள்.

இப்போது கேள்வி ஏலத்தைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கு சரி, மீதி நிலம் எப்படி அவர்களிடம் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பஞ்சாப் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1972இல் வந்தது. முதல்தர நிலம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஏழு ஹெக்டேர், அதாவது சுமார் 17.3 ஏக்கர்தான் உச்சவரம்பு. சங்ரூரில் பீர் ஐஸ்வான் என்ற இடத்தில், பழைய ஜிந்து சமஸ்தானத்துக்குச் சொந்தமாக இருந்த 927 ஏக்கர் நிலத்தை அந்தச் சட்டப்படி நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடு என்று 2025 மே மாதம் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். வழியிலேயே மறித்து, பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்து வெவ்வேறு ஊர்ச் சிறைகளில் அடைத்தது அரசு. அது காங்கிரஸ் அரசுமில்லை, அகாலி அரசுமில்லை. அலுவலகங்களில் எல்லாம் அம்பேத்கர் படம் மாட்டி வைத்திருக்கும் ஆம் ஆத்மி அரசு.

அந்த 927 ஏக்கர் வழக்கும் கோரிக்கையுமாக நிற்கிறது. ஏப்ரல் கடைசியில் கோதுமை அறுவடை முடியும், ஊராட்சிகளில் ஏல அறிவிப்பு ஒட்டுவார்கள், வேஹ்ராக்களில் மறுபடி கூட்டம் போட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் தொடங்கும். நம் பத்திரிகைகளில் அது வராது. இங்கே பஞ்சாபி படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்து வரும் செய்திகளைத் தமிழில் தர முடியுமா என்று கூட்டம் முடிந்ததும் அவர்களோடு பேச வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது, கேள்விகளுக்குப் போவோம். பின்வரிசையில் இருப்பவர்களும் முன்னால் வாருங்கள்.